அதே இடத்துலதான் நிக்குது

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் அறிவியல் கதை வேண்டுமென்று விடாமல் நச்சரித்தார் என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன், கௌரவமாக இருக்கும். ஆனால் பொய். பகலில் நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். அச்சான கதைகள் எல்லாவற்றிலும் மனிதர்கள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவார்கள், அல்லது திரும்பி வருவார்கள். இயந்திரம் எதுவும் வந்ததில்லை. ஒரு மிக்ஸிகூட வந்ததில்லை.

இதில் வருகிறது. காரணம் என் வீட்டுக்காரர். அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம், நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரத்துக்குப் போன் வரும். "சாப்பிட்டியா?" என்பார். "இனிமேதான்" என்பேன். "கேஸ் வந்துச்சா?" "வந்துச்சு." "சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நேரில் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் நேரில் ஆள் இருந்தார். சட்டை கொக்கியில் தொங்கியது. குளியலறையில் இருமினார். போனில் பேச்சை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

(பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் வராது.)

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீங்க அங்க என்னதான் வேலை பாக்கறீங்க? ஒரு கதைக்கு வேணும்," என்று கேட்டுவைத்தேன். கதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மனிதர் பேச ஆரம்பித்தார், ஐயா, பேச ஆரம்பித்தார். எனக்குக் காது சுட்டது. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில், "மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

நாளைக்கு! அந்த ஒரு வார்த்தைக்காக நான் எந்தக் கதையையும் எழுதத் தயாராக இருந்தேன். எனவே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதப்படுகிறது.

2

முதல் தொடக்கம்:

"விரிவாக்கப் பஸ் கட்டுப்படுத்தியின் முன் அவள் அமர்ந்தபோது, அவளுடைய விரல்கள் விசைப்பலகையின் மேல் —"

வேண்டாம். அடுத்த வார்த்தையில் விரல்கள் நடனமாடப்போகின்றன, எனக்குத் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

"பஸ் என்றதும் உங்களுக்குச் சக்கரம் வைத்த வாகனம் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும், ஆனால் —"

உங்களுக்கு வந்திருக்காது. வந்தது எனக்குத்தான். "பஸ்ஸுன்னா கண்டக்டர்தானே இருக்கணும், இதென்ன கன்ட்ரோலர்?" என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது தொடக்கம் அவர் சொன்னது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

"ஒரு ஊருக்கே தண்ணி அனுப்பற பம்ப் ஸ்டேஷன் இருக்குன்னு வெச்சுக்கோ. அந்தப் பம்பையெல்லாம் ஒரு சின்ன போர்டு பாத்துக்குது. அதுல ஒரு சின்ன பிராசஸர். அதுக்குள்ள ஒரு பழைய புரோகிராம். எழுதினவங்க யாரும் இப்ப இல்ல. போர்டு செய்யறவனும் நிறுத்திட்டான். இருக்கிற போர்டுங்க ஒண்ணொண்ணா மண்டையைப் போடுது. ஓடிட்டிருக்கிற போர்டுல கை வைக்க எவனுக்குத் தைரியம் வரும்? ஊர்ல தண்ணி நின்னுடும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள அதே மாதிரி ஒரு போர்டை இட்டுக்கட்டுவோம். வெர்ச்சுவல் மெஷின். எல்லாமே பொய். ஆனா அந்தப் புரோகிராம் நம்பணும். நாம நிஜ போர்டுலதான் உக்காந்திருக்கோம்னு அது நம்பற அளவுக்குப் பொய் சொல்லணும். ஒரு இடத்துல பிசகினாலும் அதுக்குத் தெரிஞ்சுடும்."

"அப்ப நீங்களும் கதைதான் எழுதறீங்க."

"அப்படியா சொல்றே?" என்றார். அது அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது. பதினேழு வருடம் கழித்து இருவருக்கும் ஒரே தொழில்!

அந்தப் பொய்ப் போர்டில் அவர் பங்குக்கு வந்தது இந்தப் பஸ் கன்ட்ரோலர். பஸ் என்றால் போர்டுக்குள் செய்தி போய்வருகிற பாதையாம். போர்டில் வரிசையாகப் பொந்துகள் இருக்குமாம், ஸ்லாட் என்கிறார்கள். அவற்றில் கார்டுகளைச் செருகி போர்டின் வேலையை விரிவாக்கிக்கொள்ளலாம். பிராசஸருக்கு நேராக எந்தக் கார்டோடும் பேசத் தெரியாது. எது பேசினாலும் இந்தக் கன்ட்ரோலர் வழியாகத்தான்.

"மாமியார் மாதிரி," என்றேன்.

"எங்கம்மாவை இழுக்காதே," என்றார். "கரண்ட் வந்ததும் முதல் வேலையா புரோகிராம் இது வழியா ஒவ்வொரு ஸ்லாட்டா போய், 'யாரு?'ன்னு கேக்கும். கார்டு இருந்தா தன் நம்பரைச் சொல்லும். இல்லேன்னா, இல்லேங்கறதும் ஒரு பதில்."

3

கதைக்கு ஒரு ஆள் வேண்டுமே. அவரையே போட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு பெண் பொறியாளரைப் பிடித்துப் போட்டேன். முப்பது வயது. ஒண்டிக்கட்டை. கூர்மையான மூக்கு. (மூக்கைப் பிறகு எடுத்துவிட்டேன், கதையில் அதற்கு வேலை இல்லை.)

அவளும் இதே கன்ட்ரோலரைத்தான் எழுதுகிறாள். பக்கத்து நாற்காலிக்காரர் தினமும் தேநீர் நேரத்தில் அவளிடம், "என்ன, ஓடிச்சா?" என்று கேட்பார். அவள் இல்லை என்பாள். அதைப் பற்றி இருவரும் பேசுவார்கள். ஒருநாள் பிழை கிடைத்துவிடுகிறது. ஒரே வரி. திருத்தினால் முடிந்தது. ஆனால் முடிந்துவிட்டால் அவர் எதைப் பற்றிக் கேட்பார்? அதனால் அவள் திருத்தியதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, "இன்னும் ஓடல" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அதை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். நான் எழுதுவதையெல்லாம் அப்படி அவ்வப்போது படித்துக் காட்டுவதுதான். அது பேச்சு வளர்க்க நல்ல சாக்கு.

"என்ன, நல்லா இருக்கா?"

"ஒரு இடத்துல தப்பு இருக்கு."

இதுதான் இவருடைய விமரிசனம். என் எந்தக் கதையைப் படித்தாலும் முதல் வாக்கியம் இதுதான். ஒரு கதையில் சாயங்கால ரயில் காலையில் வந்துவிட்டது என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தப்பு?"

"பிழை கெடச்சா எவளும் அப்படி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டா. கை சும்மா இருக்காது. இந்த வேலையில இருக்கறவங்களுக்கு அது முடியாது."

அவருக்குத் தெரியாததா என்று பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவளை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. சோம்பேறித்தனம்தான் காரணம், கலை ஒன்றும் இல்லை.

4

அவருடைய நிஜப் பிழைக்கு வருகிறேன்.

அந்தப் போர்டில் நாலு ஸ்லாட். இரண்டில் கார்டு உண்டு. மூன்றாவது காலி. நாலாவதில் மறுபடி கார்டு. பொய்ப் போர்டைக் கிளப்பினால் பழைய புரோகிராம் சமர்த்தாக முதல் ஸ்லாட்டில் போய், "யாரு?" என்று கேட்கும், பதில் வரும். இரண்டாவதில் கேட்கும், பதில் வரும். மூன்றாவதில் போய்க் கேட்கும். கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். நாலாவது பக்கம் திரும்பாது. நாள் முழுக்க விட்டாலும் நிற்கும்.

"இன்னிக்கு?" என்று கேட்பேன்.

"அதே இடத்துலதான் நிக்குது," என்பார்.

அப்புறம் அன்று அதற்கு என்னவெல்லாம் வைத்தியம் பார்த்தார் என்று சொல்லுவார். பாதி புரியாது. புரிய வேண்டும் என்று யார் அழுதது? அவர் குரல் உற்சாகமாக இருக்கும்போது கொஞ்சம் மேலே போகும், இளம் வயதுப் பிள்ளை மாதிரி. கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், அதற்கப்புறம் எங்கே தொலைத்தாரோ. அது இங்கே, யாரும் இல்லாத ஒரு பொந்தின் வாசலில் கிடைத்தது.

இதில் என் அவஸ்தை என்னவென்று சொல்கிறேன். போகும்போது அவர் சொன்னது, "இந்த போர்டு ஓடிட்டா வேலை முடிஞ்சது, வந்துடுவேன்." ஓடினால் ஆள் வருவார், இந்தக் குரல் வருமா என்று தெரியாது. ஓடாவிட்டால் குரல் வரும், ஆள் வரமாட்டார். காலையில் பல் தேய்க்கும்போது, கடவுளே இன்றைக்காவது அது ஓடட்டும் என்பேன். சாயங்காலம் போன் அடித்ததும், கடவுளே இன்னும் ஒரே ஒரு நாள் நிற்கட்டும் என்பேன். கடவுளுக்கே தலை சுற்றியிருக்கும்.

*(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இடம் தெரியாமல் இங்கே வந்துவிட்டது: அந்தக் கன்ட்ரோலரில் சில குறிகளை அழிக்க வேண்டுமென்றால் பூஜ்யம் எழுதக் கூடாதாம், ஒன்று எழுத வேண்டுமாம். அப்போதுதான் அழியுமாம். "இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டேன். "அதுக்குக் காரணம் இருக்கு," என்று சொல்ல ஆரம்பித்து இரண்டு நாள் சொன்னார். அந்த இரண்டு நாளும் நன்றாக இருந்தன.)*

5

என் தங்கைக்கு இந்தக் கதையில் இடமில்லை என்று நினைத்தேன். அவள் விடமாட்டாள். அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சில நாள் கடை வாசலில் வந்து என்னை ஏற்றிக்கொள்வாள், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் பிரேக் வைத்த வண்டியில். எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் நான் அந்தப் பிரேக் பக்கம் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வர வேண்டும் என்பது சட்டம்.

"மாமா எப்ப வர்றாரு?" என்றாள்.

"வேலை முடியணுமில்ல."

"எப்ப முடியும்?"

"மூணாவது ஸ்லாட்ல நிக்குதாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிக்னல் விழுந்திருந்தது, நல்லவேளை. "அக்கா, நான் புருஷனைப் பத்திக் கேட்டா நீ பொந்தைப் பத்திச் சொல்றே. நேரா கேளேன்டி. வர்றீங்களா, இல்லியான்னு."

"கேட்டா?"

"கேட்டா பதில் வரும்."

"அதான் பயம்."

"நல்லா இருக்கு! ஆறு மாசம் ஒன்றரை வருஷம் ஆச்சு. வண்டியை நியூட்ரல்ல வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு உறுமிக்கிட்டே இருப்பே? ஒண்ணு பிரேக்கை மிதி, இல்ல ஆக்சிலரேட்டரை மிதி."

பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். "உங்களைச் சொல்லல, சார்!" என்று ஜன்னலுக்கு வெளியே கத்திவிட்டு வண்டியை எடுத்தாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவளுடைய வீட்டுக்காரர் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கேட்பது அவளுக்குச் சுலபம்.

6

(இந்தப் பகுதியில் கதாநாயகி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டேன். மழையைப் பார்த்து எந்தக் கதையும் ஒரு அடி நகர்ந்ததில்லை.)

7

இனி நடந்தது நான் திட்டமிட்டதல்ல.

பெண் பொறியாளர் பிழையைக் கண்டுபிடிக்கிற இடத்தை இன்னும் விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கலாம், ஆனால் அவருக்கே இன்னும் கிடைக்கவில்லையே. அவருடைய ஆபீஸில் பெஞ்ச்காரர் என்று ஒருவர் இருக்கிறார். நிஜப் போர்டை ஒரு மேஜையில் வைத்து ஒயர் மாட்டி அளந்து சொல்லுகிறவர், நரைத்தவர். ஒரு தடவை என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தபோது அவர்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். அந்த நம்பர் இருந்தது. மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கூப்பிட்டேன்.

"அண்ணே, கதைக்காக ஒரு சந்தேகம். அந்தக் காலி ஸ்லாட்ல நிக்குதே, அது எதனால இருக்கும்னு உங்களுக்குத் தோணுது? சும்மா ஒரு ஊகம் சொல்லுங்க."

"ஊகம் எதுக்கும்மா? அதான் கெடச்சுடுச்சே."

"கெடச்சுடுச்சா?"

"மூணு வாரம் ஆச்சே. சார் சொல்லலையா? நிஜ கன்ட்ரோலர் யாரும் இல்லேன்னா, இல்லேன்னு சொல்றதோட விடாதும்மா. ஒரு கொடியையும் தூக்கிக் காட்டும், 'பாத்தாச்சு, அடுத்ததுக்குப் போ'ங்கற மாதிரி ஒரு குறி. சார் எழுதினது இல்லேன்னு சொல்லுச்சு, கொடி தூக்கல. கையேட்டுல அதைப் பத்தி ஒரு வரி கெடையாது. யாருக்கும் தெரியல. இந்தப் புரோகிராம் கொடிக்காகக் காத்துக்கிட்டே நின்னுடுச்சு. நிஜ போர்டுல கார்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தோம், ஆமா, கொடி இருக்கு. சார் ஒரு வரி சேர்த்திருந்தாரு. இப்ப நாலு ஸ்லாட்டும் பொய்ப் போர்டுல ஜம்முனு ஓடுது."

வாசலில் யாரோ வந்து, "பழைய ஃபிரேம்லயே கண்ணாடி மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டார். தருவோம் என்று தலையாட்டினேன்.

"அப்ப அவரு இப்ப என்ன வேலை பாக்கறாரு, அண்ணே?"

"சில்லறை வேலைதான். அடுத்த போர்டுக்கு இருக்கச் சொல்லி கேட்டிருக்காங்க, அது ரெண்டு வருஷ வேலை. சார் பிடியே கொடுக்கல. வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல." பிறகு அவருக்கு என்னவோ தட்டியிருக்க வேண்டும். "நான் ஏதாச்சும் உளறிட்டேனாம்மா?"

"இல்லண்ணே. கதைக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கதைக்குத் தகவல் கேட்கப் போய் என் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டேன். வாசகரே, நாலாம் பகுதியில் நீங்கள் படித்ததில் பாதி பொய். அது நான் இட்டுக்கட்டியதல்ல. எனக்குச் சொல்லப்பட்டதை நம்பி எழுதினேன். அந்தப் பகுதியைத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். எதைத் திருத்துவது? நான் சந்தோஷமாக இருந்தது பொய்யில்லையே.

அன்று சாயங்காலமும் போன் வந்தது.

"இன்னிக்கு?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"அதே இடத்துலதான் நிக்குது."

"அய்யோ பாவம்," என்றேன்.

"நாளைக்கு வேற ஒரு வழியா பாக்கலாம்னு இருக்கேன்," என்று ஆரம்பித்தார். அந்த வேறு வழியை அழகாக, படிப்படியாக விளக்கினார். செத்துப்போன பிழைக்கு அவ்வளவு சிரத்தையாக மருந்து அரைத்தார். நான், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் கோபம். ஆனால் கேட்கக் கேட்க இனித்தது. இந்த வெட்கங்கெட்ட மனதை என்ன செய்ய?

8

இப்போது முடிவுகள்.

முடிவு ஒன்று. அவருக்கு வர விருப்பமில்லை. வேலை முடிந்ததை மறைத்தால் வந்தாக வேண்டிய நாளும் தள்ளிப்போகும். தள்ளிப்போகும்போதே அடுத்த போர்டுக்குச் சரி என்று சொல்லிவிடலாம். பிறகு ஒருநாள் சாயங்காலம், சாப்பிட்டியா, கேஸ் வந்துச்சா என்பதற்கு நடுவில், "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க," என்று வரும். ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் இப்படி மறைத்தால் ஊர் உலகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். என் தங்கை அதைவிடப் பச்சையாகச் சொல்லுவாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை.

முடிவு இரண்டு. அவருக்கும் இந்தச் சாயங்காலங்கள் வேண்டும். வீட்டுக்கு வந்தால் பழைய கேஸும் பழைய சாப்பாடும்தான் என்று அவரும் பயப்படுகிறார். வந்துவிட்டால் நான் எதுவும் கேட்கமாட்டேன் என்று நினைக்கிறார். (கேட்டிருக்க மாட்டேன். அது உண்மை.) அதனால் செத்த பிழையை உயிரோடு வைத்துக்கொண்டு ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளுகிறார், நான் இந்தக் கதையை வைத்துக்கொண்டு தள்ளுகிற மாதிரியே.

ஒரே பொய். இரண்டு முடிவுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. கடையில் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன்: ஒரு கண்ணாடியைப் போட்டு, "இது தெளிவா இருக்கா?" அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இல்ல, இது தெளிவா இருக்கா?" சிலர், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்று எரிச்சல்படுவார்கள். அவர்களிடம், "அவசரமில்ல, இன்னொரு தடவை பாருங்க," என்பேன். எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிழையை மறைத்துவைக்கிற யோசனையே என் கதாநாயகியுடையது. அதை ஒரு மாதத்துக்கு முன் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இவர் பிழை தீர்ந்தது மூன்று வாரத்துக்கு முன். அப்படியானால் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னிடமே காட்டியிருக்கிறார். வராமல் இருக்க அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. நான் அதை எழுதி, படித்தும் காட்டிவிட்டேன். இப்படி யோசித்தால் முதல் முடிவுதான் கனக்கிறது. இரண்டு நாள் இப்படித்தான் யோசித்தேன்.

(முடிவு மூன்று: அவள் பெட்டியோடு அவருடைய ஊரில் போய் இறங்கி, கதவைத் தட்டுகிறாள் — இது என் பழைய கதை ஒன்றின் முடிவு. அப்போதே யாருக்கும் பிடிக்கவில்லை.)

எந்தப் பதில் வந்தாலும் சரி என்று பெருந்தன்மையாக எழுதினால் நன்றாக இருக்கும். எழுதமாட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். அவர் வர வேண்டும். அந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். சட்டை கொக்கியில் தொங்க வேண்டும், ஆளும் என்னிடம் பேச வேண்டும். பேராசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

9

விடுமுறை நாள் காலையில் நானே கூப்பிட்டேன். அவருக்கு ஆச்சரியம். "என்ன, ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. கதை முடியற இடத்துக்கு வந்துடுச்சு. படிக்கறேன், கேளுங்க."

"சரி, படி."

ஒன்றாம் பகுதியிலிருந்து படித்தேன். பால் பொங்கியது, நாளைக்கு என்ற வார்த்தை, ஒன்றையும் விடவில்லை. நாலாம் பகுதியில் குரல் இறங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். ஏழாம் பகுதி வந்ததும் இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. எட்டாம் பகுதியைக் கடகடவென்று படித்தேன். மெதுவாகப் படித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். பேராசைதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுவரை படித்துவிட்டு, "இவ்வளவுதான் எழுதியிருக்கேன்," என்றேன்.

கீழே தெருவில் யாரோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு இடத்துல தப்பு இருக்கு," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் வீசியிருப்பேன். மனுஷனா இவர்! ஒருத்தி தன் வயிற்றைக் கிழித்துக் காட்டுகிறாள், இவருக்குத் தப்பு வேண்டியிருக்கிறது. "எங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூணு வாரம்னு எழுதியிருக்கே. அது பெஞ்சுல வெச்சு ஊர்ஜிதம் பண்ணினது. அவருக்கு அதுதான் தெரியும். என் மெஷின்ல ஓடினது அதுக்கும் முன்னாடி."

"எப்ப?"

"அஞ்சு வாரம் இருக்கும்."

கணக்குப் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அந்தக் கதாநாயகியைப் படித்துக் காட்டியபோதே அவருடைய மெஷினில் நாலு ஸ்லாட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எவளும் அப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று என்னிடம் சொன்ன மனிதர், அப்போதே அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக, எனக்கும் முன்னால்.

"ஏன்?" என்றேன். மறுபடி கேட்டேன். "ஏங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். எதையோ நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"இரு, சொல்றேன்," என்றார். "இதை மட்டும் எழுதிக்காதே."

எழுதிக்கொள்ளவில்லை. வாசகரே, இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், சந்தோஷம். இரண்டு முடிவுகள் மேலே இருக்கின்றன. உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இனிமேல் இது புருஷன் பெண்டாட்டி பேச்சு. கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.